கெலவரப்பள்ளியில் நுரை ஏன் நிற்கவில்லை: சுத்திகரிப்பு நிலையமும் அதற்குக் கீழே ஓடும் ஆறும்

பெங்களூரில் இத்தனை கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டிய பிறகும், அவற்றிலிருந்து வெளிவரும் நீர் அரசு வகுத்த தரத்துக்குள் இருப்பதாக அறிக்கைகள் சொல்லும்போதும், ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையின் மதகைத் திறந்தால் ஏன் நுரை பொங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நிலையங்கள் ஒழுங்காக ஓடவில்லையா, அல்லது தர அளவே போதாதா என்பதுதான் உங்கள் கேள்வியின் சாரம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் குறை, நிலையத்தின் வெளிவாயிலில் அளந்து முடித்துக்கொள்ளும் பழக்கம் என்றே நான் கருதுகிறேன். ஆறு எவ்வளவு தாங்கும் என்று முதலில் பார்த்து, அங்கிருந்து மேல்நோக்கிக் கணக்குப் போட்டு, எந்த நிலையம் என்ன தரத்தில் நீரை விடலாம் என்று முடிவு செய்யும் வேலை தென்பெண்ணைக்கு இன்னும் நடக்கவில்லை.

முதலில் ஆற்றின் போக்கைப் பார்த்துவிடுவோம். நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, கர்நாடகத்தில் தட்சிண பினாகினி என்ற பெயரோடு பெங்களூரின் கிழக்குப் பக்கமாக இறங்கி, கொடியாளம் அருகே தமிழகத்துக்குள் நுழைகிறது. முதலில் கெலவரப்பள்ளி, பிறகு கிருஷ்ணகிரி, அதன் பிறகு சாத்தனூர் என்று மூன்று அணைகளைக் கடந்து கடலூர் அருகே கடலில் கலக்கிறது. பெங்களூரோ கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் மேல் அமர்ந்த நகரம். அதன் மேற்குச் சரிவின் நீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதிக்கும் காவிரிக்கும் போகிறது; கோரமங்களா–சல்லகட்டா, ஹெப்பாள் ஆகிய இரு பள்ளத்தாக்குகளின் நீர் கிழக்கே தென்பெண்ணைக்கு வருகிறது. அந்த நகரம் குடிக்கும் நீரில் பெரும்பங்கு சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காவிரியிலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. வீட்டுக்கு வரும் குடிநீரில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்பது நம் பொறியாளர்கள் வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கமான கணக்கு. ஆக, காவிரியில் எடுத்த நீரின் ஒரு பகுதி கழிவாகித் தென்பெண்ணையில் விழுகிறது. மழைக்காலத்தில் மட்டும் ஓட வேண்டிய ஆற்றில் கோடையிலும் நீர் ஓடுவதற்குக் காரணம் இதுதான். கோடையில் அந்த நீரை நீர்க்கச் செய்ய மேலிருந்து வரும் நல்ல நீர் ஏறக்குறைய இல்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இதில்தான் நிற்கிறது.

இனி நுரை. நுரை உண்டாக மூன்று வேண்டும்: நீரின் மேற்பரப்பில் படலம் கட்டும் பொருள், காற்று, நீர் உயரத்திலிருந்து விழும் இடம். பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கலிங்கிலும் கெலவரப்பள்ளியின் ஷட்டரிலும் பின்னிரண்டும் தாமாகவே கிடைக்கின்றன. முதலாவது, பெரும்பாலும் நம் துணி சோப்புத் தூளிலும் பாத்திரம் கழுவும் திரவத்திலும் இருக்கும் அழுக்கு நீக்கும் வேதிப்பொருள். 1960களுக்கு முன் பயன்பாட்டில் இருந்த வகை நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க முடியாததாக இருந்ததால், அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் ஆறுகள் நுரைத்து, அதன் பிறகே எளிதில் சிதையும் நேர்ச்சங்கிலி வகைக்கு அந்நாடுகள் மாறின. இன்று நாமும் பயன்படுத்துவது அந்தப் புதிய வகையைத்தான். ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டு: ஆக்சிஜன் இருந்தால்தான் அது விரைவாகச் சிதையும். காற்றேற்றம் ஒழுங்காக நடக்கும் ஒரு நிலையம் அதன் மிகப் பெரும்பகுதியை அழித்துவிடும். ஆக்சிஜன் செத்துப்போன கறுத்த சாக்கடையிலும், ஏரியின் அடியில் படிந்த சேற்றிலும் அது ஏறக்குறைய அப்படியே தங்கிவிடும். மழை பெய்து அடிச்சேறு கலங்கும் நாட்களில் நுரை அதிகமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே நுரையைப் பார்த்தவுடன் நான் எடுத்துக்கொள்ளும் முதல் பொருள், இந்த நீரில் ஒரு கணிசமான பங்கு எந்தக் காற்றேற்றத் தொட்டியையும் பார்க்காமல் வந்திருக்கிறது என்பதே. பெல்லந்தூர் ஏரி 2015-இல் சாலை வரைக்கும் நுரையைத் தள்ளியதும், அதே ஆண்டிலும் 2017, 2018 ஆண்டுகளின் தொடக்கத்திலும் அங்கே தீ எழுந்ததும் பலருக்கு நினைவிருக்கும். கெலவரப்பள்ளிக்குக் கீழே தரைப்பாலத்தை நுரை மூடி ஊருக்குப் போக்குவரத்து நின்றுபோகும் செய்தியும் இப்போது ஆண்டுதோறும் வருவதாகிவிட்டது.

நிலையத்துக்கு வராத கழிவு எவ்வளவு என்பதற்கு நாடு முழுவதற்குமான ஒரு கணக்கு இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-இல் வெளியிட்டதன்படி, இந்திய நகரங்களில் நாளொன்றுக்கு 7,236 கோடி லிட்டர் கழிவுநீர் உண்டாகிறது. அதைச் சுத்திகரிக்க நிறுவப்பட்டுள்ள மொத்தத் திறன் 3,184 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 2,023 கோடி லிட்டர். அதாவது உண்டாவதில் சுமார் 28 சதவீதம். திறனுக்கும் உண்மையான அளவுக்கும் நடுவில் ஆயிரம் கோடி லிட்டருக்கு மேல் இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். தொட்டி கட்டியாகிவிட்டது, அதற்குள் கழிவு வந்து சேரவில்லை என்பது இதன் ஒரு பொருள். பெங்களூரில் ராஜ கால்வாய் என்று சொல்லப்படும் பழைய மழைநீர்க் கால்வாய்கள் ஏரிக்கு ஏரி நீரைக் கொண்டுபோக வெட்டப்பட்டவை. புதிதாக வளர்ந்த பகுதிகளுக்குப் பாதாளச் சாக்கடை போய்ச் சேரும் முன்பே வீடுகள் வந்துவிட்டதால், பக்கத்தில் ஓடும் ராஜ கால்வாயே சாக்கடையாகிவிட்டது. அதில் விழுவது நிலையத்தைத் தொடாமல் நேராக ஏரிக்கும் ஆற்றுக்கும் வருகிறது. இதைத் தடுக்கும் வேலை, கால்வாய் ஓரமாக நடந்துபோய் ஒவ்வொரு குழாய்வாயையும் கண்டுபிடித்துச் சாக்கடைக் குழாயோடு இணைப்பது. படம் எடுத்துக்காட்ட முடியாத, ரிப்பன் வெட்ட முடியாத வேலை. ஆனாலும் ஆற்றுக்கு அதைவிடப் பயன் தருவது வேறொன்றும் இல்லை.

கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்கில் சுத்திகரிக்கப்பட்ட நீரை நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் வரை கோலார் மாவட்ட ஏரிகளுக்கு ஏற்றும் திட்டம் 2018-இல் தொடங்கியதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. வறண்ட கோலாருக்கு அது எவ்வளவு தேவை என்பது அங்கே ஆழ்துளைக் கிணறு போட்டவர்களுக்குத் தெரியும்; அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சுத்திகரித்த நீர் வேறு பக்கம் ஏறிப்போனால், பழைய வழியில் ஆற்றுக்கு இறங்கும் நீரில் சுத்திகரிக்காததன் விகிதம் கூடும். கீழே இருப்பவர்களுக்கு அளவிலும் குறைவு, தரத்திலும் குறைவு என்று ஆகிவிடக்கூடிய இந்த நிலையைத் திட்டம் போடும்போதே எண்ணியிருக்க வேண்டும்.

சரி, நிலையத்துக்கு வந்த கழிவுநீருக்கு என்ன நடக்கிறது? கம்பிச் சல்லடை துணியையும் பிளாஸ்டிக்கையும் பிடிக்கிறது. மணல் தொட்டியில் மணல் படிகிறது. முதல் படிவுத் தொட்டியில் கனமான கசடு அடியில் தங்குகிறது. கரைந்திருக்கும் அழுக்கை நீக்குவது அதற்குப் பிறகு வரும் காற்றேற்றத் தொட்டி. மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் 1914-இல் வெளியிட்ட முறைதான் இன்றும் அடிப்படை: கழிவுநீரில் காற்றைச் செலுத்தி, அதில் வளரும் நுண்ணுயிர்த் திரளைப் படியவைத்து, அந்தச் சேற்றின் ஒரு பகுதியை மறுபடியும் தொட்டிக்கே திருப்பி அனுப்புவது. தொட்டி எப்படி இருக்கிறது என்று அறிய விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் தொட்டி நீரை மொண்டு அரை மணி நேரம் அசையாமல் வைப்பார்கள். நல்ல நிலையில் இருந்தால் சாக்லேட் நிறத்தில் திரள் திரளாகச் சேறு இறங்கி, மேலே தெளிந்த நீர் நிற்கும். மழை பெய்த மண்ணைப் போன்ற வாசம் வரும். சேறு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் காற்று போதவில்லை என்று பொருள். இறங்காமல் பஞ்சு போல மிதந்தால் இழை வகை நுண்ணுயிர்கள் பெருகிவிட்டன. சேறு நீரோடு சேர்ந்து வெளியேறப் போகிறது. அனுபவமுள்ள ஆபரேட்டர் ஒருவர் அந்த உருளையைப் பார்த்தே நாளைக்கு வெளிநீர் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுவார். நிலையத்தின் மின்கட்டணத்தில் பாதிக்கு மேல் இந்தக் காற்றேற்றத்துக்கே போவதால், செலவைக் குறைக்க வேண்டும் என்று மேலிருந்து நெருக்கடி வந்தால் முதலில் கை வைப்பது காற்றைச் செலுத்தும் புளோயரில்தான். இரவில் அதை நிறுத்திவிட்டுக் காலையில் மாதிரி எடுத்தால், தாளில் பதிவாகும் எண்ணுக்கும் இரவெல்லாம் ஆற்றில் விழுந்ததற்கும் தொடர்பு இருக்காது.

ஒரு நிலையம் உண்மையில் ஓடுகிறதா என்று வெளியில் இருப்பவர் அறிய நான் நம்பும் கணக்கு, சேற்றின் கணக்கு. நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் கழிவுநீரை ஒழுங்காகச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு டன் உலர் சேறு வெளிவர வேண்டும். பிழிந்த பிறகும் ஐந்தில் நான்கு பங்கு ஈரமாக இருக்கும் என்பதால் பத்து டன் அளவுக்கு லாரியில் ஏற்ற வேண்டியிருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எதையாவது கேட்பதானால், வெளிநீர் அறிக்கையோடு சேர்த்து, மாதவாரியாக வெளியே போன சேற்றின் எடையையும் மின் பயன்பாட்டையும் கேளுங்கள். நீர் சுத்தமாகிவிட்டது என்று எழுதியிருந்து சேறு எங்கும் போகவில்லை என்றால், அந்தச் சேறு ஆற்றில்தான் போயிருக்கிறது.

இனி தர அளவுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியின் கனமான பகுதி இது. நீரிலுள்ள கரிம அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனை பி.ஓ.டி. என்கிறோம். உலகெங்கும் பரவிய '20 மில்லிகிராம் பி.ஓ.டி., 30 மில்லிகிராம் மிதக்கும் திடப்பொருள்' என்ற அளவு பிரிட்டனின் அரச ஆணைக்குழு ஒன்று 1912-இல் பரிந்துரைத்தது. அந்த ஆணைக்குழு வெறும் எண்ணை மட்டும் கொடுக்கவில்லை. ஆற்றில் குறைந்தது எட்டு மடங்கு நல்ல நீர் இருக்கும் என்ற அனுமானத்தில்தான் அதைக் கொடுத்தது. கணக்கு எளிது. ஆற்று நீரின் பி.ஓ.டி. லிட்டருக்கு 2 மி.கி.; அதில் எட்டுப் பங்கு எடுத்து, 20 மி.கி. கொண்ட வெளிநீர் ஒரு பங்கு சேர்த்தால், ஒன்பது பங்கு நீரில் மொத்தம் 36, சராசரி 4. அந்த நாலைத் தாண்டினால் ஆறு தொல்லையாகிவிடும் என்பது அவர்களின் முடிவு. இந்தக் கணக்கைக் கோடைக்காலத் தென்பெண்ணையில் போட்டுப் பாருங்கள். நீர்க்கச் செய்ய எட்டுப் பங்கு இல்லை. ஒரு பங்குகூட இல்லை. வெளிநீர் 20 என்றால் ஆறும் 20.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 2015-இல் வெளியான வரைவு பி.ஓ.டி.க்கு 10 மி.கி. என்றும் அம்மோனியா, மொத்த நைட்ரஜன் ஆகியவற்றுக்கும் வரம்பு என்றும் சொன்னது. 2017 அக்டோபரில் இறுதி அறிவிக்கை வந்தபோது பி.ஓ.டி. பெருநகரங்களுக்கு 20, மற்ற இடங்களுக்கு 30 என்று தளர்ந்தது. நைட்ரஜன் பட்டியலிலேயே இல்லாமல் போனது; பாஸ்பரசும் அதில் இல்லை. 2019 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இந்தத் தளர்வை ஏற்காமல், பி.ஓ.டி. 10, மொத்த நைட்ரஜன் 10, பாஸ்பரஸ் 1 மி.கி. என்று இறுக்கியது. அறிக்கை ஒன்றில் 'தரத்துக்குள் இருக்கிறது' என்று படித்தால், எந்த ஆண்டின் எந்தத் தரத்துக்குள் என்று கேட்கவேண்டியிருப்பது இதனால்தான். வெளியில் குளிப்பதற்கு ஏற்ற ஆற்று நீருக்கு மத்திய வாரியம் வைத்திருக்கும் அளவு பி.ஓ.டி. 3 மி.கி.க்குள், கரைந்த ஆக்சிஜன் 5 மி.கி.க்குக் குறையாமல். நிலையத்துக்கான 20-க்கும் ஆற்றுக்கான 3-க்கும் நடுவில் இருக்கும் தூரத்தை யார் கடத்துவது என்று எந்த ஆவணமும் சொல்வதில்லை. நீர்த்தல் கடத்தும் என்று எல்லோரும் பேசாமல் விட்டுவிட்டார்கள்.

பட்டியலிலிருந்து அம்மோனியா விடுபட்டது சிறிய விஷயமாகத் தோன்றலாம். அப்படி இல்லை. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் நைட்ரேட்டாக மாற 4.57 கிராம் ஆக்சிஜன் வேண்டும். கரிம அழுக்கை மட்டும் நீக்கி, அம்மோனியாவை அப்படியே விடும் ஒரு நிலையத்தின் வெளிநீரில் பி.ஓ.டி. 10 மி.கி., அம்மோனியா நைட்ரஜன் 20 மி.கி. இருப்பதாக வைத்துக்கொள்வோம். பி.ஓ.டி. முழுவதுமாகச் சிதைய சுமார் 15 மி.கி. ஆக்சிஜன் போதும், அம்மோனியாவுக்கு 91 மி.கி. தேவைப்படும். ஓசூரின் உயரத்தில், 28 டிகிரி வெப்பத்தில், ஒரு லிட்டர் நீர் கரைத்து வைத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜனே 7 மி.கி. அளவுதான். தரச் சான்று பெற்ற நீர் ஆற்றின் மூச்சை அடைப்பது இப்படித்தான். அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் மெதுவாக வளர்பவை. அவை தொட்டியில் தங்கவேண்டுமானால் சேற்றைப் பல நாட்கள் வைத்திருக்க வேண்டும், காற்றும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். நம் ஊர் வெப்பம் இதற்குச் சாதகமானது. குளிர் நாடுகள் படும் பாடு நமக்கில்லை. அதற்குப் பிறகு காற்றில்லாத ஒரு பகுதியில் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக வெளியேற்றினால், செலவழித்த ஆக்சிஜனில் பாதிக்கு மேல் திரும்பக் கிடைத்துவிடும்.

பாஸ்பரசின் தொல்லை ஆற்றைவிட அணைகளில்தான் பெரிது. ஓடும் நீரில் கடந்துபோவது தேங்கும் நீரில் பாசியாகவும் ஆகாயத்தாமரையாகவும் எழும். தென்பெண்ணையில் வரிசையாக மூன்று அணைகள். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 1963-க்கும் 1968-க்கும் இடையில் வாஷிங்டன் ஏரியில் விழுந்த சுத்திகரித்த கழிவுநீர் முழுவதையும் திருப்பிவிட்டதும், பாசி மண்டிய அந்த ஏரி சில ஆண்டுகளிலேயே தெளிந்தது. அங்கே விழுந்தது சுத்திகரிக்கப்பட்ட நீர்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். பாஸ்பரசை நீக்காத சுத்திகரிப்பு ஏரிக்குப் போதவில்லை. படிகாரம் அல்லது இரும்பு உப்பு சேர்த்தோ, அதற்கென வளர்த்த நுண்ணுயிர்களைக் கொண்டோ பாஸ்பரசை நிலையத்திலேயே பிடித்துவிடலாம். சோப்புத் தூளிலேயே அதைக் குறைப்பது இன்னும் மலிவு. ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் வீட்டுத் துணி சோப்புத் தூளுக்கு அப்படி வரம்பு வைத்தது.

தென்பெண்ணைக்கு என்ன செய்யலாம் என்றால், கொடியாளத்தில் ஆறு எல்லை கடக்கும் இடத்தில் தொடங்க வேண்டும் என்பேன். அங்கே நீரின் அளவையும், கரைந்த ஆக்சிஜன், அம்மோனியா, பாஸ்பரஸ், மலக் கிருமி ஆகியவற்றையும் இரவு பகலாக அளந்து, இரு மாநிலத்தவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். செறிவை மட்டும் சொன்னால் போதாது; நாளொன்றுக்கு எத்தனை கிலோ அம்மோனியா கடந்தது என்று சொல்ல வேண்டும். பிறகு, ஆறு தாங்கக்கூடிய கிலோவை மேலிருக்கும் நிலையங்களுக்கும் கால்வாய்களுக்கும் பங்கிட வேண்டும். 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, மாநில வாரியங்களை ஒருங்கிணைத்து அவற்றுக்கிடையே எழும் பிணக்குகளைத் தீர்க்கும் பொறுப்பை மத்திய வாரியத்துக்குத் தருகிறது. புதுச் சட்டம் தேவையில்லை. தென்பெண்ணை குறித்துத் தமிழகம் 2018-இல் உச்ச நீதிமன்றம் போனது நீரின் பங்கீட்டுக்காக. நீரின் தரத்துக்காக அதே உறுதியோடு நிற்க வேண்டும். அப்படி நிற்கும்போது ஓசூர் மாநகராட்சியின் கழிவும் சிப்காட் ஆலைகளின் கழிவும் ஆற்றில் எவ்வளவு சேர்கின்றன என்ற கணக்கை நாமும் மேசையில் வைக்க வேண்டும். கிருஷ்ணகிரியிலும் சாத்தனூரிலும் இருப்பவர்களுக்கு நாம்தான் மேல்பகுதிக்காரர்கள். சென்னையில் கோயம்பேடும் கொடுங்கையூரும் 2019 முதல் தலா நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை உயர்நிலைச் சுத்திகரிப்பு செய்து ஆலைகளுக்கு அனுப்பும் திறனோடு இயங்குகின்றன. ஓசூரின் ஆலைகளுக்கும் அந்த வழி பொருந்தும். அந்தச் சுத்திகரிப்பில் பயன்படும் சவ்வு வடிகட்டியில் ஒதுங்கும் உப்பு நீரை மறுபடி ஆற்றில் விடாமல் இருப்பதற்கான ஏற்பாடும் கூடவே வேண்டும்.

இதெல்லாம் நடக்கும் வரை கெலவரப்பள்ளி வாய்க்கால் நீரில் பயிர் செய்பவர்கள் காத்திருக்க முடியாது என்பதால், கடைசியாக அதைச் சொல்கிறேன். இந்த நீரில் நைட்ரஜன் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. யூரியாவை வழக்கமான அளவில் போட்டால் பயிர் இலையாகத் தழைத்து, பூவும் காயும் பின்தங்கும், பூச்சியும் கூடும். வேளாண் அலுவலகத்தில் மண்ணோடு பாசன நீரையும் பரிசோதனைக்குக் கொடுத்து, அதைக் கழித்துக்கொண்டு உரம் போடுங்கள். கொத்தமல்லி, புதினா, கீரை, கேரட், முள்ளங்கி போன்று பச்சையாகத் தின்னும் பயிர்களுக்கு இந்த நீரைத் தெளிக்க வேண்டாம். ரோஜா, தீவனம், மரப்பயிர் ஆகியவற்றுக்குச் சால் வழியாகவோ சொட்டு நீராகவோ விடலாம். வாய்க்கால் நீரைப் பண்ணைக் குட்டையில் ஒரு வாரத்துக்கு மேல் தேக்கி, அடியைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் எடுத்தால் குடற்புழு முட்டைகளில் பெரும்பாலானவை அடியில் படிந்துவிடும். ஒரு லிட்டரில் ஒரு முட்டைக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். வயலில் இறங்குபவர்கள் ரப்பர் காலணியும் கையுறையும் போட வேண்டும், சிறுவர்களை நுரைப் பக்கம் விடக்கூடாது. வாய்க்காலை ஒட்டிய கிணற்று நீரைக் குடிக்கும் வீடுகள் நைட்ரேட் அளவை ஆண்டுக்கு இரண்டு முறையாவது பார்த்துவிட வேண்டும். லிட்டருக்கு 45 மி.கி.க்கு மேல் இருந்தால் கைக்குழந்தைக்குப் பால் கலக்க அந்த நீரை எடுக்காதீர்கள், காய்ச்சினால் நைட்ரேட் குறையாது.